மற்றும் குழு எத்திராஜ்

"ஒரே வேலையை ரெண்டாவது தடவை நான் செஞ்சேன்னா, அன்னிலேர்ந்து என்னை எத்திராஜ்னு கூப்பிடாதீங்க."

ஆடுகோடியில் ஒரு டயர் கடைக்கு மேலே ஐந்து மாடி ஏறினால் வரும் மென்பொருள் நிறுவனத்தின் கான்டீனில், பதினொரு பேர் சாட்சியாக, கையில் பாதி கடித்த மத்தூர் வடையுடன் எத்திராஜ் இதை அறிவித்தார். யாரும் கேட்காமலேயே அறிவித்தார். சாட்சிகளில் ஒன்பது பேர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீதி இருவர் காபி வரிசையில் முதுகைக் காட்டி நின்றார்கள். மாபெரும் பிரகடனங்களுக்கு இதைவிட நல்ல சபை அமைவதில்லை.

எத்திராஜுக்கு வயது நாற்பத்து நான்கு. சொந்த ஊர் குடியாத்தம். பெங்களூருக்கு வந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. ஈஜிபுராவில் இரண்டாவது மாடி வாடகை வீடு. மனைவி சீதாலட்சுமி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஒரே கணக்கை நாற்பது பிள்ளைகளுக்கு நாற்பது தடவை சொல்லிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர் என்பதால், கணவரின் கொள்கையை அவர் அனுதாபத்தோடு மட்டுமே பார்த்தார். கொள்கைக்காக எத்திராஜ் தியாகங்கள் செய்திருக்கிறார். தீபாவளி வாழ்த்து ஒன்றை ஒரே தடவை எழுதி, பெயர் போடும் இடத்தைக் காலியாக விட்டு, கைப்பேசியில் இருந்த எல்லோருக்கும் ஒரே தட்டில் போகும்படி ஏற்பாடு செய்தார். அப்பா இறந்து மூன்று வாரமே ஆகியிருந்த நண்பர் அசோகனுக்கும் அது போனது, "இல்லம் முழுக்க வெடிச்சத்தம் பொங்கட்டும்" என்ற வரியோடு. சீதாலட்சுமிதான் நேரில் போய்ச் சமாதானம் சொல்லிவிட்டு வந்தார். வாழ்த்தில் தவறில்லை, பெயர்ப்பட்டியலில்தான் தவறு என்று எத்திராஜ் விளக்கினார். அந்த விளக்கத்தையும் அவர் இரண்டாவது தடவை சொல்லவில்லை.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்த தொழில் மென்பொருளை வரைவது. எழுதுவது அல்ல, வரைவது. வீடு கட்டுமுன் பிளான் போடுவது மாதிரி மென்பொருளுக்கும் பிளான் உண்டு. ஆஸ்பத்திரியோ அலுவலகமோ, எந்த மென்பொருளை எடுத்தாலும் சில சமாச்சாரங்கள் எல்லா அறையிலும் தலைகாட்டும். லீவு கேட்டால் ஒருவர் சம்மதிக்க வேண்டும். மருந்து வாங்கினால் ஒருவர் சம்மதிக்க வேண்டும். படுத்திருக்கும் நோயாளியை வீட்டுக்கு அனுப்பவும் ஒருவர் சம்மதிக்க வேண்டும். ஒவ்வொரு குழுவும் இந்தச் சம்மத விவகாரத்தைத் தன் பிளானில் தனியாக வரையும், தனியாகவே தப்பும் செய்யும். அதை எல்லா இடத்திலிருந்தும் பிய்த்தெடுத்து, ஒரே தடவை ஒழுங்காக வரைந்து வைத்தால் அதற்கு ஆஸ்பெக்ட் என்று பெயர். யார் கேட்கிறார், எதைக் கேட்கிறார், யார் கொடுக்கிறார் என்று சில இடங்களைக் காலியாக விட்டிருப்பார்கள். வேண்டியவர் எடுத்துக் காலி இடத்தில் தன் ஆட்களை நிரப்பினால் போதும், இயந்திரம் அதை ஊடு நூல் மாதிரி எல்லா அறைக்குள்ளும் நெய்துவிடும்.

ஈஜிபுராவில் முத்திரைத்தாள் எழுதுகிறவரும் இதைத்தான் செய்கிறார். ஒரே வாடகை ஒப்பந்தத்தை வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மாற்றி ஊரையே குடிவைக்கிறார். ஒரு வித்தியாசம், அவருடைய ஒப்பந்தம் பீரோவில் கிடக்கும். எத்திராஜுடைய ஒப்பந்தம் வீட்டுச் சுவருக்குள் இறங்கி, குழாயைத் திறக்கும்போதெல்லாம் எட்டிப் பார்க்கும்.

'சம்மதம்' என்ற அந்த ஆஸ்பெக்டை வரைய எத்திராஜுக்குப் பதினொரு மாதம் பிடித்தது. மொத்தம் மூன்று பெட்டி, நான்கு அம்பு. பதினொரு மாதத்தில் மூன்று பெட்டியா என்று கேட்பவர்களுக்கு இந்தத் தொழில் புரியாது. முதலில் எழுபது பெட்டி இருந்தது. அறுபத்தேழை நீக்குவதற்குத்தான் பதினொரு மாதம்.

அந்த வருட முடிவில் எல்லோரையும் ஒரு ஹோட்டல் மண்டபத்தில் உட்காரவைத்துக் கூட்டம் போட்டார்கள். மேடையேறியவர் கிளெமென்ட். ஃபிரேசர் டவுன்காரர், எத்திராஜின் மேனேஜர், இருபத்து மூன்று பேருக்குத் தலைவர். எல்லோரையும் 'மேன்' என்று அழைக்கும் தங்கமான மனிதர். அவருக்குப் பின்னால் திரையில் மூன்று பெட்டியும் நான்கு அம்பும் ஒளிர்ந்தன. கீழே 'உருவாக்கியவர்: கிளெமென்ட் மற்றும் குழு' என்று இருந்தது. பெட்டிகளின் நிறத்தை நீலத்திலிருந்து பச்சைக்கு மாற்றியது கிளெமென்ட்தான் என்பதால், அந்த வரி முழுப் பொய் என்று சொல்ல முடியாது.

மண்டபம் கைதட்டியது. எத்திராஜும் தட்டினார். பக்கத்து நாற்காலியிலிருந்த வைஷ்ணவி, கூடவே வேலை பார்க்கும் பெண், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்கதானே அந்த 'குழு'?" என்று மெதுவாகக் கேட்டாள். ஆறுதலாகத்தான் கேட்டாள். எத்திராஜ் அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ளவில்லை.

சாதாரண மனிதனாக இருந்தால் நான்கு நாள் முறைத்துக்கொண்டு திரிந்திருப்பான். கிளெமென்டின் பைக் சீட்டைக் கிழித்திருப்பான். ஆனால் அதெல்லாம் தினமும் செய்ய வேண்டிய வேலை. இன்றைக்கு ஒரு தடவை முறைத்தால் நாளைக்கு மறுபடி முறைக்க வேண்டும். எத்திராஜ் பழிவாங்குவதையும் முறையாக வரைந்துவிட முடிவெடுத்தார். ஒரே தடவை வரைவது, பிறகு அது தானாகவே எல்லா இடத்திலும் பழிவாங்கிக்கொண்டிருக்கும். உலகத்திலேயே முதல் மறுபயன்பாட்டு வஞ்சம் அது.

புது ஆஸ்பெக்டுக்குக் 'காரணம்' என்று பெயர் வைத்தார். அலுவலகத்துக்குள் எதைக் கேட்பதானாலும், லீவு, டாக்ஸி, நாற்காலி, கூட்ட அறை எல்லாமே 'சம்மதம்' வழியாகத்தான் போகும். அதற்கு ஒரு அடி முன்னால் 'காரணம்' நின்று கையை நீட்டி மறிக்கும். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று ஆங்கிலத்தில் இருநூறு வார்த்தைக்குக் குறையாமல் எழுத வேண்டும். அந்த அலுவலகத்தில் யாராவது முன்பே எழுதிய வாக்கியம் ஒன்று இருந்தாலும் திருப்பிவிடும். மூன்று தடவை திரும்பினால் அந்த விண்ணப்பம் ஒரு மாதத்துக்குச் செத்தது. எழுதியதையே மறுபடி பயன்படுத்தக் கூடாது என்ற சட்டத்தை, மறுபயன்பாட்டுக்காகவே உயிரை விடும் ஒருவர் இயற்றினார். எதிரியின் வாழ்க்கையை நரகமாக்குவது எப்படி என்று யோசித்தபோது, தனக்கு எது நரகமோ அதுதான் அவருக்குத் தோன்றியது.

பாக்கி இருந்தது 'கேட்பவர்' என்ற காலி இடம். அதில் கிளெமென்ட் என்று பெயரைப் போட்டால் மாட்டிக்கொள்வோம் என்று எத்திராஜுக்குத் தெரியும். ஆஸ்பெக்டில் பெயரையே போட வேண்டியதில்லை, ஆளின் லட்சணத்தைச் சொன்னாலும் போதும். 'பத்துப் பேருக்கு மேல் தனக்குக் கீழே வைத்திருப்பவர்' என்று போட்டார். அந்த ஐந்தாவது மாடியில் அப்படி ஒருவர்தான் இருக்கிறார் என்பதை லேப்டாப்களை எண்ணிப் பார்த்து உறுதி செய்துகொண்டார்.

புதுப் பிளான்களைப் பார்த்து அனுமதிக்கும் தரக்குழுவின் முன் இதைப் பயந்துகொண்டேதான் வைத்தார். பயந்திருக்க வேண்டியதில்லை. மேலதிகாரிகளுக்குப் பொறுப்புணர்வு வரும் என்று தரக்குழு மகிழ்ந்துபோய், எல்லோருக்கும் மெயில் அனுப்பிப் பாராட்டியது. பாராட்டு, வழக்கம்போல, 'கிளெமென்ட் மற்றும் குழு'வுக்குப் போனது.

ஆனால் விளைச்சல் அமோகம். முதல் வாரமே மழையில் டாக்ஸி கேட்ட கிளெமென்ட், எதற்கு டாக்ஸி என்று இருநூறு வார்த்தை எழுதி முடிப்பதற்குள் மழை விட்டுவிட்டது. அடுத்த வாரம் முதுகுவலிக்கு நல்ல நாற்காலி கேட்டார். வலியை வர்ணிக்க நாற்பது வார்த்தைக்கு மேல் கிடைக்கவில்லை. கைப்பேசியில் இருக்கும் செயற்கை அறிவைக் கேட்டு எழுதினார். அது 'நிறுவனத்தின் வளர்ச்சிக்கு இது இன்றியமையாதது' என்று ஆரம்பித்தது. அந்த வாக்கியம் அந்த அலுவலகத்தில் ஏற்கெனவே அறுநூறு தடவை எழுதப்பட்டது, திரும்பி வந்தது. கண்ணாடி அறைக்குள் கிளெமென்ட் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதற்காகவே எத்திராஜ் தண்ணீர் பாட்டிலை அடிக்கடி நிரப்பப் போனார். நிரப்பிய பாட்டிலைச் செடிக்கு ஊற்றிவிட்டு மறுபடி போனார். அந்தச் செடி அழுகிப் போனது.

பிறகுதான் பெரிய இரை வந்து விழுந்தது. சிங்கப்பூரில் ஒரு மாநாடு. மூன்று பெட்டி நான்கு அம்பைப் பற்றிப் பேச நிறுவனத்திலிருந்து ஒருவரை அழைத்திருந்தார்கள். போகிறவர் பெயரோடுதான் அது அச்சாகும். அச்சானால் அதற்குப் பிறகு யாராலும் அழிக்க முடியாது. கிளெமென்ட் கோட் தைக்கச் சிவாஜிநகரில் அளவு கொடுத்துவிட்டு வந்து, பயண விண்ணப்பம் போட்டார். திரும்பியது. மறுபடி போட்டார், மறுபடி திரும்பியது. இனி ஒரே ஒரு வாய்ப்பு. கடைசி நாள் புதன்கிழமை, மாலை ஆறு மணிக்குக் கதவடைப்பு. எத்திராஜ் செய்ய வேண்டியது ஒன்றுமே இல்லை. ஆறு மணி வரை சும்மா இருந்தால் போதும். வாழ்க்கையில் இவ்வளவு நேர்த்தியாக அவர் எதையும் வரைந்ததில்லை.

புதன்கிழமை நாலரை மணிக்குச் சந்திரம்மா அவர் மேஜைக்கு வந்து நின்றாள்.

அந்தக் கட்டடத்தில் நிறுவனத்துக்கு இருந்த மூன்று மாடிகளுக்கும் துப்புரவு மேற்பார்வை சந்திரம்மாதான். ஐம்பது வயது, மாலூர்க்காரி, கன்னடமும் தமிழும் ஒரே வாயில் வரும். கையில் நிர்வாகம் கொடுத்த டேப்லெட் இருந்தது. அதைச் செத்த எலியைப் பிடிப்பது மாதிரி ஓரத்தில் பிடித்திருந்தாள்.

"சார், இந்தப் பர்மிஷன் கேக்கற மிஷினு, இது நீங்க பண்ணினதாமே?"

எத்திராஜ் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்த நிறுவனத்தில் இத்தனை மாதத்தில் இதைச் சொன்ன முதல் ஆள். யார் சொன்னது என்று கேட்டார். வைஷ்ணவி மேடம் என்றாள். என்ன சொன்னாள் என்று மறுபடி கேட்டார். இதையெல்லாம் பண்ணினது எத்திராஜ் சார்தான், வேற யாருமில்லன்னு சொன்னாங்க என்று அவள் மறுபடி சொன்னாள். எத்திராஜின் காதுக்கு அது தேனாக இருந்தது.

"ரெண்டு வாரமா பினாயில் எதுக்குன்னு கேக்குது சார். பினாயில் எதுக்கு? நீங்களே சொல்லுங்க. எங்க பாஞ்சாலி வெறும் தண்ணி ஊத்திக் கழுவறா. மாப் கேட்டா மாப் எதுக்குங்குது. உங்க மிஷினுக்கு வீட்ல யாரும் தரை துடைக்கறதில்லையா சார்?"

தேன் காதிலேயே கசந்தது. உங்களுக்குக் கீழே எத்தனை பேர் என்று கேட்டார் எத்திராஜ்.

"பதினாலு பேரு."

ஐந்தாவது மாடியில் லேப்டாப்களை எண்ணியவருக்கு, துடைப்பத்தை எண்ணத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடமாகப் பிளான் போடும் நிபுணர், மேஜை இல்லாத ஒரு ஆளுக்குக் கீழேயும் ஆட்கள் இருப்பார்கள் என்பதை யோசிக்காமல் விட்டிருந்தார். இரண்டு வாரமாக ஐந்தாவது மாடிக் கழிவறையில் வீசிய நாற்றத்துக்கு, அவரும் மற்றவர்களைப் போல, டயர் கடை மேல் பழி போட்டு வந்திருந்தார்.

பினாயில் கிடக்கட்டும் சார் என்று சந்திரம்மா டேப்லெட்டை மேஜையில் வைத்தாள். அவள் வந்தது லீவுக்கு. மூன்று நாள். மாலூரில் மகளுக்கு வெள்ளிக்கிழமை ஆபரேஷன் செய்து குழந்தையை எடுக்கப்போகிறார்கள். இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் திரும்பிவிட்டது. இதுவும் போனால் ஒரு மாதத்துக்குக் கேட்கவே முடியாது. லீவு இல்லாமல் போனால், அவளை இங்கே வேலைக்கு வைத்த ஏஜென்சிக்காரன் வேறு ஆளைப் போட்டுவிடுவான்.

இதிலிருந்து ஒருவரை மட்டும் பிரித்தெடுக்க முடியாது என்று எத்திராஜ் விளக்கினார். நெய்ததை அவிழ்க்க வேண்டும், பிளானைத் திருத்த வேண்டும், திருத்தினது அடுத்த மாச ரிலீஸில்தான் வரும்.

"அடுத்த மாசமா? அப்போ அதுவரைக்கும் ஸ்வல்ப பொறுத்துக்கோன்னு வயித்துல இருக்கறதுகிட்ட சொல்லிடவா சார்?"

எத்திராஜ் கடிகாரத்தைப் பார்த்தார். கண்ணாடி அறையைப் பார்த்தார். டேப்லெட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, நானே எழுதறேன் உட்காருங்க என்றார். கழிவறையைத் தவிர அந்த மாடியில் எங்கேயும் உட்கார்ந்து பழக்கமில்லாத சந்திரம்மா, நின்றுகொண்டே பதில் சொன்னாள்.

இருநூறு வார்த்தைக்கு 'கேட்பவர்' என்ற பெட்டி போதாது. மகள் பெயர் என்ன என்று கேட்க வேண்டியிருந்தது. காந்தா. இது எத்தனையாவது? இரண்டாவது. முதல் குழந்தைக்கு நீங்கள் போனீர்களா? போகவில்லை. ஏன்?

"கேட்டா குடுக்க மாட்டாங்கன்னு கேக்கவே இல்ல சார். அது பொறந்து பதினோரு நாள்தான் இருந்துச்சு. நான் பார்க்கவே இல்ல."

 எத்திராஜ் அதையும் சேர்த்து எழுதினார். மொத்தம் இருநூற்றுப் பதினேழு வார்த்தை. ஒரு வாக்கியமும் திரும்பவில்லை. ஐந்து பத்துக்குச் சம்மதம் வந்துவிட்டது. சந்திரம்மா டேப்லெட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு, நன்றி எதுவும் சொல்லாமல், பினாயிலுக்கும் ஒன்று எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றாள். எழுதினார். அதுவும் போனது.

இந்தச் செய்தி லிஃப்டைவிட வேகமாகப் பரவியது. ஐந்தே முக்கால் ஆகும்போது கிளெமென்ட் தன் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு வந்து மேஜையில் வைத்தார். இரண்டு வாரத்தில் ஆள் இளைத்திருந்தார்.

"எத்தி, மேன், சந்திரம்மாவோடது பாஸாயிடுச்சாமே. நீ எழுதினதாம். என்னோடதையும் எழுதிக் குடு மேன். எனக்கு வார்த்தையே வர மாட்டேங்குது."

எத்திராஜுக்குத் தேவைப்பட்டது பதினைந்து நிமிடச் சும்மா. தலைவலி என்று சொல்லியிருக்கலாம். கழிவறைக்குப் போய் உட்கார்ந்திருக்கலாம், அங்கே பினாயில்கூட வந்துவிட்டது. ஆனால் கிளெமென்ட் தோளில் கை வைத்து, நம்ம டீம் மேன் இது, உன் கை பட்டா போதும் என்றார். அந்த 'நம்ம டீம்' எத்திராஜின் உள்ளே எங்கேயோ போய்க் குத்தியது. லேப்டாப்பைத் திருப்பிக்கொண்டார்.

அவர் விரல்கள் அவ்வளவு சந்தோஷமாக என்றுமே ஓடியதில்லை. 'சம்மதம்' என்ற ஆஸ்பெக்டைப் பதினொரு மாதம் உட்கார்ந்து வரைந்தவர் எத்திராஜ் என்று ஆரம்பித்தார். எழுபது பெட்டி மூன்றாகக் குறைந்த கதையைத் தேதி வாரியாக எழுதினார். இதில் கிளெமென்டாகிய என் பங்கு பெட்டிகளுக்குப் பச்சை நிறம் பூசியது என்று எழுதினார். மாநாட்டில் முதல் கேள்வி வரும்வரை என்னால் சமாளிக்க முடியும், இரண்டாவது கேள்விக்கு எத்திராஜ் தேவைப்படுவார் என்றும் எழுதினார். இருநூற்று நாற்பத்து மூன்று வார்த்தை. கடைசி முற்றுப்புள்ளியை வைத்துவிட்டு லேப்டாப்பை நகர்த்தினார்.

"ஒரு தடவை படிச்சிடுங்க கிளெமென்ட்."

"இருநூறு வார்த்தையெல்லாம் யார் மேன் உக்காந்து படிப்பாங்க?" என்று சொல்லிக்கொண்டே கிளெமென்ட் பட்டனை அழுத்தினார். கோட்டுக்கு ஆறரைக்கு டிரையல் இருந்தது.

இப்படிப்பட்ட வாக்கியங்கள் அந்த அலுவலகத்தில் அதற்கு முன் எழுதப்பட்டதே இல்லை என்பதால், இயந்திரம் ஒரு நொடியில் ஏற்றுக்கொண்டது.

விண்ணப்பம் ஒயிட்ஃபீல்டில் இருக்கும் இயக்குநர் மௌரீனிடம் போனது. அவர் படிக்கிறவர். சிவாஜிநகர் தையல்கடையில் கண்ணாடி முன்னால் ஒரு கை மட்டும் ஏறிய கோட்டோடு நின்றிருந்த கிளெமென்டுக்குப் பதில் வந்தது. காரணம் மிகத் தெளிவாக இருக்கிறது, இவ்வளவு நேர்மையான விண்ணப்பத்தை நான் பார்த்ததில்லை. பயணம் செய்பவர் பெயரில் மட்டும் தவறு இருக்கிறது, அதை நானே எத்திராஜ் என்று திருத்திவிட்டேன். அச்சுக்கும் அந்தப் பெயரே போகும். தையல்காரர் இன்னொரு கையை மாட்டச் சொல்லி இரண்டு தடவை கேட்டதாகவும், கிளெமென்ட் அப்படியே நின்றதாகவும் தகவல்.

மறுநாள் காலையில் எத்திராஜ் அலுவலகத்துக்கு வந்தபோது சந்திரம்மா மாலூருக்குப் போயிருந்தாள். அவள் இடத்தில் டேப்லெட்டோடு பாஞ்சாலி நின்றாள். நாலாவது மாடிக்குப் பினாயில் வேண்டும், குப்பைப்பை வேண்டும், இரண்டு மாப் வேண்டும்.

நேற்று எழுதியதே ஆகாதா என்று எத்திராஜ் கேட்டார்.

"ஆகாதாம் சார். புதுசாதான் எழுதணுமாம்."

ரிலீஸுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது. எத்திராஜ் பாட்டிலை ஓரமாக வைத்தார், நாலாவது மாடியில் தரை என்ன கல் என்று பாஞ்சாலியிடம் கேட்டார், பினாயிலுக்கு மறுபடியும் காரணம் எழுத ஆரம்பித்தார்.